அக்கா வீட்டுத் தண்ணீர்

எங்கள் வீட்டு ரேடியேற்றர்கள் மேலே சுடும், கீழே குளிரும். மேல்விளிம்பில் கை வைத்தால் அப்போதுதான் இறக்கி வைத்த சோற்றுப் பானை. ஒரு சாண் இறங்கினால் ஆறிய தேநீர். இன்னும் இறங்கி, அடிப்பக்கத்தின் நடுவுக்கு வந்தால் வெறும் இரும்பு. இங்கே ஜூன் குளிர்காலம்; அந்த மாதத்து இரும்பு விரலைக் கடிக்கும். ஒவ்வொரு நாள் காலையும் வலது உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். சிலருக்குப் பொறாமை வயிற்றில் எரியும் என்கிறார்கள். எனக்கு அது அந்த உள்ளங்கையில் குளிர்ந்தது.

ஏனென்றால் நான்கு தெரு தள்ளி, அக்கா வீட்டில், இதே ரேடியேற்றர்கள் உச்சி முதல் அடிவரை ஒரே சீராகச் சுட்டன.

இதே என்று சும்மா சொல்லவில்லை. மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்தில் அந்த இரண்டு செங்கல் வீடுகளையும் கட்டியவர் ஒரே இத்தாலியக்காரர். ஒரே வருடம், ஒரே வரைபடம். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு பொயிலர். அது தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைத் தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைச் சுவரிலும் இருக்கும் வெள்ளைத் தகட்டுக்குள் தள்ளும். தகடு சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் திருப்பி அனுப்பும். அதே தண்ணீர், வருடக்கணக்காக, சுற்றிச் சுற்றி. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். எண்பதுகளின் நடுவில் அவளும் அத்தானும் முதலில் வந்தார்கள். நாங்கள் அவர்கள் வரவேற்பறையில் மெத்தை போட்டுப் படுத்துத்தான் இந்த நாட்டைத் தொடங்கினோம். முதலில் கார் ஓடப் பழகியவள் அவள், முதலில் வீடு வாங்கியவள் அவள். எல்லாவற்றையும் முதலில் செய்தவள் எதையும் மினக்கெட்டுச் செய்ததில்லை என்பதுதான் என் முறைப்பாடு. அவளுடைய குசினி மேசையில் நேற்றைய கோப்பை இருக்கும். காய்ந்த உடுப்புக் கதிரையில் மலையாகக் கிடக்கும். அந்த மலையிலிருந்தே நாளாந்தம் ஒன்றை உருவி உடுத்துவாள். அவள் சும்மா குத்திவிட்ட கறிவேப்பிலை மெல்பேர்ன் குளிரில் மதிலுக்கு மேலே வளர்ந்தது. நான் என் கன்றைப் போர்த்தேன், உள்ளே தூக்கி வைத்தேன், வெயில் வந்த பக்கமெல்லாம் காவிக்கொண்டு திரிந்தேன். மூன்று கன்றும் செத்தன.

நான் துப்புரவுக்காரி. தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை எங்கள் வீட்டில் ஒரு பொருளும் தன் இடத்தில் இருக்காது. இங்கே பொங்கல் கோடையில் வரும். திரைச்சீலைகள் வெளியே காயும், மெத்தைகள் முற்றத்தில் படுத்திருக்கும், ஹீற்றர் நித்திரை. அந்த வீட்டுக்குப் போன முதல் பொங்கலுக்கே எனக்கு ஒரு அரிகண்டம் தொடங்கியது. வீட்டின் எலும்புக்குள் எந்தக் காலத்துத் தண்ணீரோ நின்றுகொண்டிருக்க, மேலே கோலம் போட்டுப் பொங்குவதா? குடத்தில் நின்ற தண்ணீர் மறுநாள் குடிக்க ஆகாது, பூச்சாடியில் நின்ற தண்ணீர் சாமிக்கு ஆகாது என்று வளர்ந்தவள் நான். நின்ற தண்ணீர் பழந்தண்ணீர். பழந்தண்ணீர் அழுக்கு. இதற்கு மேல் யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

பொயிலருக்குக் கீழே ஒரு சின்னக் குழாய்வாய் இருந்தது. தோட்டத்து ஹோஸைச் செருகித் திறந்தேன். மை போலக் கறுப்பாக வந்தது. புல்லில் ஓடி, வேலியடியில் குளம் கட்டி, வானத்தைக்கூடக் காட்ட மறுத்தது. எனக்குள் ஒரு வெற்றி. பிறகு கூரைக்குள் இருந்த சின்னத் தொட்டி வழியாகப் புதுத்தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு ரேடியேற்றரின் தோளிலும் இருக்கும் சின்னத் திருகாணியைச் சாவியால் திறந்து, உள்ளே அகப்பட்ட காற்றைச் சீறவிட்டு மூடினேன். அந்தச் சாவி தொலையக்கூடாது என்று தாலிக்கொடியின் சட்டை ஊசியில் கொழுவி வைத்திருந்தேன்.

"இனி ஹீற்றருக்கும் தோய வார்க்கப் போறீரோ?" என்று என் கணவர் வாசலில் நின்று கேட்டார்.

"ஓம். நீங்கள் தோயிறதிலும் பார்க்க அது வடிவாய்த் தோயுது."

பத்துப் பன்னிரண்டு பொங்கல் அப்படிப் போனது. ஒவ்வொரு வருடமும் தண்ணீர் முந்திய வருடத்தைவிடக் கறுப்பாக வந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் தகடுகளின் அடியில் அந்தக் குளிர்ந்த இடம் கொஞ்சம் பெருத்தது. நான் எடுத்த முடிவு: போதுமான அளவு கழுவவில்லை. வருடம் இரண்டு தரம் மாற்றத் தொடங்கினேன்.

குழாய்களின் கடைசி முனையில் மகளின் அறை. அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த குளிர்காலம், அந்த அறைத் தகடு மேல்விளிம்பிலும் சுடுவதை விட்டுவிட்டது.

"அம்மா, ஐ கான்ட் ஃபீல் மை ஃபிங்கர்ஸ்" என்று வந்து நின்றாள். எங்களோடு அவள் இங்கிலீஷில்தான் கதைப்பாள்; கோபம் வந்தாலும் பசி வந்தாலும் மட்டும் தமிழ்.

"போர்வையைச் சுத்திக்கொண்டு இரு பிள்ளை."

"சுத்திக்கொண்டு எப்பிடி எழுதுறது?"

செருகுகிற ஹீற்றர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது உறுமியது, தொண்டையை வறட்டியது, அவளுக்குத் தலையிடித்தது. குழாய்க்காரரைக் கூப்பிடுவோம் என்று கணவர் இரண்டு தரம் சொன்னார். இவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறேன், வருகிறவன் என்னத்தைப் புதிதாகச் செய்யப்போகிறான் என்று நான் இரண்டு தரமும் மறித்தேன்.

அவள் அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

முதலில் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு மணித்தியாலம். பிறகு இரவுச் சாப்பாடும் அங்கே. அக்காவின் மகன் சிட்னியில் வேலை கிடைத்துப் பென்டில் ஹில்லுக்குக் குடிபோய்விட்டதால் அவன் அறை சும்மா கிடந்தது. அதுவும் குழாய்களின் கடைசி முனைதான், ஒரே வரைபடம் அல்லவா, ஆனால் அங்கே தகடு சுட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய தலையணை போனது. புத்தகம் போகலாம், உடுப்புப் போகலாம், எல்லாம் திரும்பி வரும். தலையணை போனால் பிள்ளை போய்விட்டாள் என்று எனக்குப் பட்டது. வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெத்தை உறையில் தலையணை இருந்த இடம் மட்டும் வெளிறாமல் நீலமாக இருந்தது.

பின்னேரங்களில் தொலைபேசி அடிக்கும்.

"பிள்ளை இஞ்சை சாப்பிட்டிட்டாள்டி. நீ பார்த்துக்கொண்டு இராதை."

"என்ன குடுத்தனி?"

"புட்டும் முட்டைப் பொரியலும். மூண்டு தரம் போட்டுத் தின்னுறாள். நீ அவளுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

பின்னால் மகள் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பில் பாதி தமிழ். என் வீட்டில் அவள் தமிழில் சிரித்ததே இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்து, அவர்கள் என்ன பகிடி விட்டார்கள் என்று தேடுவேன். அக்கா வைத்துவிடுவாள். நான் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தேவைக்கு அதிகமாகச் சின்னதாக நறுக்குவேன்.

ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்தால் அவள் உடம்பில் அக்கா வீட்டு மணம். அக்கா ரேடியேற்றர்களின் மேல் தட்டங்களை வைத்து மோர்மிளகாய் காயப்போடுவாள். அந்தப் புளித்த காரம் மகளின் தலைமயிரில் இருக்கும். கட்டிப்பிடித்து மணந்து பார்க்கும்போது எனக்கு வேறொருத்தியின் பிள்ளையைக் கட்டிப்பிடித்தது போல இருக்கும்.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை இப்போது மறைக்க ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முதல் அவள் என் வீட்டில், என் கூரைக்குக் கீழே, நான் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டு படிக்க வேண்டும். அடுத்த வருடம் பல்கலைக்கழகம், பிறகு வேறு ஊர், பிறகு வேறு வாழ்க்கை. மிச்சம் இருந்தது அந்த ஒரு குளிர்காலம். அதை அக்கா கோப்பை கழுவாமலே எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அக்கா குசினியில் நிற்கும்போது அவள் வீட்டு நடைபாதைத் தகட்டில் கை வைத்தேன். மேலே சூடு. நடுவில் சூடு. அடியில், முழங்கால் மடித்துக் குந்தி, விரல் நுனியால் தடவிய இடத்திலும் சூடு. தாலிக்கொடியை வெளியே இழுத்துச் சாவியைப் போட்டுத் திருகினேன். காற்றே இல்லை, உடனே தண்ணீர் வந்தது. தேயிலைச் சாயம் போன்ற நிறம். விரலில் தேய்த்தால் கொஞ்சம் வழுவழுப்பு. மணந்து பார்த்தேன், ஆசுப்பத்திரித் தாழ்வாரம்.

"அங்கை என்னடி செய்யிறாய்?" அக்கா கரண்டியோடு வந்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணி எப்ப மாத்தினது?"

"என்ன தண்ணி?"

"ஹீற்றருக்குள்ளை ஓடுற தண்ணி."

"அதை மாத்த வேணுமே? வீடு வாங்கேக்கை இருந்த தண்ணிதான்."

"பன்ரெண்டு வருசமாயோ? நாறுது. கையிலை வழுக்குது. என்ரை பிள்ளை இதுக்குள்ளை படுக்கிறாள்."

"தண்ணிக்குள்ளையே படுக்கிறாள்? விசர்க்கதை கதையாதை." அவள் குலுங்கிச் சிரித்தாள். "உனக்கு அவ்வளவு ஆசையெண்டால் நீயே வந்து மாத்து. பொங்கலுக்குக்கூடக் கூட்டாத வீடு இது. உன்ரை கை பட்டால் கொஞ்சம் புண்ணியம்."

ஜூலைப் பள்ளி விடுமுறையில் அவளும் அத்தானும் சிட்னிக்கு, மகனிடம் ஒரு கிழமை போனார்கள். வீட்டுத் திறப்பை என்னிடம் தந்திருந்தாள். மகள் எங்கள் வீட்டில், இரண்டு காலுறையும் ஒரு சுடுதண்ணிப் பையுமாக, நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அக்கா வீட்டுப் பொயிலரை அணைத்து ஒரு நாள் ஆறவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஹோஸோடு போனேன்.

திறந்துவிட்ட தண்ணீர் அவளுடைய கறிவேப்பிலைப் பக்கம் ஓடாமல் ஹோஸைத் திருப்பி வைத்தேன். அவ்வளவு நல்லவள் நான். அந்தத் தேயிலைச் சாயத் தண்ணீர் அரை மணித்தியாலமாக, சத்தமில்லாமல், வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றபோது எனக்குள் எழுந்தது என்ன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை; நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு குளிர்ந்த இடம் இருந்தது. அவள் வீட்டுச் சூட்டில் என் கை இருக்க வேண்டும். இனி என் பிள்ளை அங்கே சூடாகப் படுத்தாலும் நான் கழுவிய குழாயால், நான் ஊற்றிய தண்ணீரால் படுக்க வேண்டும். அக்காவின் அதிர்ஷ்டத்தை வெளியே ஓடவிட்டு அந்த இடத்தில் என் உழைப்பை நிரப்பினேன். எல்லாத் தகடுகளிலும் காற்றெடுத்து, தரையில் சிந்தியதைத் துடைத்து, இருந்த கையோடு அவள் குசினி மேசையையும் துடைத்துவிட்டு வந்தேன்.

அவர்கள் வந்தார்கள், மகள் தலையணையோடு திரும்பிப் போனாள், இரண்டு கிழமை ஒன்றும் இல்லை.

மூன்றாம் கிழமை அக்கா எடுத்தாள். "எடி, பொயிலருக்குள்ளை ஆரோ கல்லு வறுக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது. கடைசி அறை அடியிலை குளிர்ந்து போச்சு."

"காத்து நிக்கும். வந்து எடுத்துவிடுறன்" என்றேன். போய்ச் சாவியைப் போட்டேன். காற்று வரவில்லை. கறுப்பாக ஒரு துளி வந்து என் பெருவிரலில் நின்றது. என் வீட்டுக் கறுப்பு. அதை நான் பாவாடையில் துடைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "பெரியம்மா வீடும் இப்ப ஐஸ்பொக்ஸ். இரண்டும் ஒண்டுதான் எண்டால் என்ரை கட்டிலிலை படுக்கிறன்."

நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை. சந்தோஷம்தான். குசினியில் அவண் அடுப்பை மூட்டித் திறந்து வைத்து அதன் முன்னால் அவளுக்கு மேசை போட்டேன். என் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் கணக்குச் செய்தாள். நான் தோசை வார்த்தேன், அவள் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துத் தின்றாள். நான்கு தெருவுக்கு அப்பால் அக்காவும் அத்தானும் குளிருகிறார்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டே இன்னொரு தோசை வார்த்தேன். அந்தப் பதின்மூன்று நாள் போல ஒரு காலம் எனக்கு அந்த வருடத்தில் வாய்க்கவில்லை.

ஆளைப் பிடித்தவள் அக்கா. கோயில் அன்னதான வரிசையில் யாரோ சொன்னார்களாம்: மலேசியாத் தமிழர், என்ஜினியரிங் படிக்க வந்து பாதியில் விட்டுக் குழாய் வேலைக்குப் போனவர், ஹீற்றர் அடைப்பு எடுப்பதில் கெட்டிக்காரர். "என்ரை வீட்டை வந்து பார்த்திட்டுப் போட்டார். உன்ரை வீட்டுக்கும் சொல்லியிருக்கிறன். வியாழக்கிழமை மெசினோடை வருவார்" என்றாள்.

அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் ரப்பர்ச் சுத்தியல். மகளின் அறைத் தகட்டை மேலே தொட்டார், கீழே தொட்டார், காதை வைத்துச் சுத்தியலால் தட்டினார். தேங்காய் முற்றியதா என்று பார்க்கிறவரைப் போல.

"மேல குளுந்தா காத்து, அக்கா. அடியில குளுந்தா சேறு. இது ஃபுல்லா சேறு. உள்ள துரு மண்டிப் போயி தண்ணி போறதுக்கே வழியில்ல."

"சேறு எப்பிடி வரும்? நான் வருசத்திலை ரெண்டு தரம் தண்ணி மாத்துறனான்." என் குரலில் பெருமை இருந்தது. இப்போதும் எனக்குக் கேட்கிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னா மாத்துனீங்க?"

"பழந்தண்ணியை விட்டிட்டுப் புதுத்தண்ணி. பத்துப் பன்ரெண்டு வருசமாய்."

அவர் சுத்தியலை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் நிற்காத சிரிப்பு. "ஐயோ அக்கா. இது குடிக்கிற தண்ணி இல்ல லா. புதுத் தண்ணியில காத்து கலந்து இருக்கும். அதுதான் இரும்பத் தின்னும். ஒரு தடவ தின்னு முடிச்சா அப்புறம் அந்தத் தண்ணி செத்த தண்ணி, ஒண்ணும் பண்ணாது, சாதுவா சுத்திட்டு இருக்கும். நீங்க வருசா வருசம் அதுக்கு சாப்பாடு போட்டிருக்கீங்க."

பொயிலருக்குப் பக்கத்தில் மெசினை வைத்தார். இரண்டு தடித்த குழாய்களைப் பூட்டினார். அது தண்ணீரைப் பலமாகத் தள்ளியது. ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் எதிர்ப்பக்கம். அவர் ஒவ்வோர் அறையாகப் போய் மற்றத் தகடுகளைப் பூட்டி ஒன்றை மட்டும் திறந்து, அதன் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்டக் கண்ணாடிக் குழாயில் கறுப்புப் புகை போல எழும்பி ஓடியது. மெசினுக்குள் ஒரு காந்தத் தண்டு. அதை வெளியே எடுத்துக் காட்டினார். நனைந்த பூனை வால் போல, கறுத்த மயிர் அடர்ந்து, பளபளத்தது.

"இது எல்லாம் உங்க ஹீற்றரோட உடம்பு. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிருக்கு."

நான் கழுவிக் கழுவிக் கரைத்தது. என் துப்புரவு அத்தனையும் ஒரு பூனை வாலாக அவர் கையில் தொங்கியது.

மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் தெளிந்தது. அவர் ஒரு போத்தலைத் திறந்து உள்ளே ஊற்றினார். ஆசுப்பத்திரித் தாழ்வாரம் வீடெல்லாம் மணந்தது.

"உதென்ன?" என்று கேட்டேன்.

"மருந்து. துரு புடிக்காம இருக்க. இத ஊத்திட்டா அஞ்சு, ஆறு வருசம் தொடவே கூடாது. உங்க அக்கா வீட்டுல யாரோ பழைய ஓனர் நல்ல மருந்தா ஊத்தி வச்சிருக்காரு, அதான் இவ்ளோ நாள் ஓடிருக்கு. அதப் போயி வடிச்சு விட்டுட்டாங்க. அடியில தூங்கிட்டிருந்த மண்டி எல்லாம் கலங்கி பம்புல போயி ஒக்காந்துருச்சு."

நான் தாலிக்கொடியில் தொங்கிய சாவியைச் சட்டைக்குள் தள்ளினேன்.

"யாரு மாத்துனதுன்னு கேட்டேன். 'நான்தான் தம்பி, எனக்குக் கொஞ்சம் விசர்'னாங்க. நல்ல ஜாலியான ஆளு. அவங்க வீட்டத்தான் இன்னைக்கு செய்யுறதா இருந்துச்சு. தங்கச்சி வீட்ட முதல்ல செய்ங்க, அங்க படிக்கிற புள்ள இருக்குன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அடுத்த வியாழன்தான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். பம்ப் சத்தமில்லாமல் ஓடியது, தகடுகள் சூடேறி மெல்லிய டிக் டிக் போட்டன, அந்த மனிதர் கைகளைத் துடைத்துக்கொண்டு பதிலுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. நான் சொன்னது இது: "ஓம், அக்காவுக்கு உதெல்லாம் விளங்காது."

சொன்ன வாய் என்னுடையதுதான்.

பின்னேரம் மகள் வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டுத் தன் அறைத் தகட்டில் கன்னத்தை வைத்தாள். பிறகு முழங்காலில் நின்று அடிப்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்தாள். திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "யூ ஃபிக்ஸ்ட் இட்! அம்மா, நீங்கள் செய்திட்டீங்கள்!"

நான் வேண்டியிருந்த அத்தனையும் அதில் இருந்தது. அவள் தலைமயிரில் அக்காவின் மணம் இல்லை, அவளுடையது மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் ஏலாமல் போனது. "ஒருக்கால் பெரியம்மா வீட்டை போட்டு வாறன்" என்றேன்.

அக்கா குசினிக் கதிரையில் அத்தானின் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி. அத்தான் போர்வையோடு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சுடுதோ?" என்று கேட்டாள்.

"ஓம். நல்லாய்ச் சுடுது." நான் உட்காரவில்லை. "ஏன் அந்தாளுக்கு நீ மாத்தினதெண்டு சொன்னனி?"

"பின்னை என்ன சொல்லுறது?"

"நான் எண்டு சொல்லியிருக்கலாம்தானே."

"அவன் சிரிப்பானடி." அவள் தொப்பியைக் காதுக்கு இழுத்தாள். "என்னைப் பார்த்து ஆரும் சிரிச்சால் நானும் சேர்ந்து சிரிப்பன். நீ தாங்கமாட்டாய். மூண்டு நாள் சாப்பிடமாட்டாய். எனக்குத் தெரியாதே உன்னை?"

அதுதான் என்னைக் கடைசியாக அடித்தது. பொய்யிலும் என்னை முந்திவிட்டாள். நான் வருடக்கணக்காக உழைத்தும் எட்டாத ஒரு நல்ல தன்மையை அவள் கதிரையில் இருந்தபடியே, யோசிக்காமல், செய்து முடித்திருந்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது. அவளுடைய அந்த நல்ல தன்மைக்கும் பொறாமைப்பட்டேன்.

"அக்கா, நான் நல்லதுக்கெண்டு மட்டும் மாத்தேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். அத்தான் செய்தியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவர் அப்படித்தான், கேட்கக்கூடாததைக் கேட்காமல் இருக்கத் தெரிந்தவர்.

"பிள்ளை உன்னோடை இருக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை" என்றேன். "உன்ரை தண்ணி போகேக்கை எனக்குச் சந்தோசமாய் இருந்தது. பிறகு அறை குளிர்ந்து அவள் வரேக்கை அதைவிடச் சந்தோசம்."

"எடி விசரி." கொஞ்ச நேரம் அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்து நான் அதிகம் கண்டதில்லை. முகம் வயதாகத் தெரிந்தது. "எனக்கும் அவள் இஞ்சை இருக்க ஆசைதான். பெடியன் போனாப்பிறகு இந்த வீட்டிலை சத்தமில்லை. நீ உங்கை குளிரிலை பிள்ளையை வைச்சுக்கொண்டு ஆளைக் கூப்பிடாமல் நிக்கிறாய் எண்டு தெரிஞ்சும் நான் ஒண்டும் சொல்லேல்லை. ஏன் சொல்லுவான்? சொன்னால் அவள் போயிடுவாள்."

இரண்டு பேரும் அந்தக் குளிர்ந்த குசினியில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வாய்களிலிருந்து புகை போல மூச்சு வந்து நடுவில் கலந்தது.

"எழும்பு" என்றேன். "அத்தானையும் எழுப்பு. வியாழக்கிழமை வரைக்கும் என்ரை வீட்டிலை இருங்கோ."

"உன்ரை வீட்டிலை கோப்பையைத் தூக்கின உடனை மேசையைத் துடைப்பாய். எனக்கு மூச்சு முட்டும்."

"துடைக்கேல்லை. வா."

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது மகளுக்குச் சொன்னேன். பெரியம்மா வீட்டு ஹீற்றர் தானாகப் பழுதாகவில்லை, தண்ணீரை மாற்றிக் கெடுத்தது நான் என்று. எங்கள் வீட்டு ஹீற்றரைக் கெடுத்ததும் நான்தான் என்று. கணவர் கரண்டியை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். அவர் தோள் குலுங்கியது. மகள் என்னைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள்.

"ஆர் யூ சீரியஸ்? நான் வின்ரர் முழுக்கக் கையுறை போட்டுக்கொண்டு கெமிஸ்ற்ரி எழுதினது நீங்கள் தண்ணி மாத்தினதாலையோ?"

"ஓம்."

"பெரியம்மாவின்ரையும் வேணுமெண்டு?"

இதற்குப் பதில் அக்கா சொல்ல வாயெடுத்தாள். நான் கையால் மறித்தேன். "பாதி வேணுமெண்டு" என்றேன்.

அவள் தட்டத்தை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "ஐ நீட் டு ஸ்ரடி." அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அக்கா எழும்பி, என்னிடம் ஒன்றும் கேட்காமல், நடைபாதையில் போய்க் கதவைத் தட்டி உள்ளே போனாள்.

நான் கோப்பைகளைக் கழுவினேன். மேசையைத் துடைக்கவில்லை, சொன்ன வாக்கு. கைகளை உலர்த்திக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். உள்ளே அக்காவின் குரல் ஏதோ இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு மகள் சிரித்தாள், அதே பாதித் தமிழ்ச் சிரிப்பு, என் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று விளங்கியது. இத்தனை பாடுபட்டு நான் சூடாக்கிய அறையில், அக்கா கட்டிலில் ஏறி இருந்துகொண்டு என் பிள்ளையைச் சிரிக்க வைக்கிறாள்.

உள்ளுக்குள் அது அப்படியே இருந்தது. கசடு எடுத்த மெசின் அதை எடுக்கவில்லை. திரும்பிக் குசினிக்குப் போய்விடலாம், வெங்காயம் இருக்கும். இரண்டு அடி நடந்தும் விட்டேன்.

திரும்பி வந்து கதவைத் தட்டினேன். சிரிப்பு நின்றது. கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "நானும் வரலாமோ?" என்றேன்.

மகள் கட்டிலில் கால் மடித்து, புத்தகம் மடியில், அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை, தமிழில்தான் சொன்னாள்.

"உள்ளை வந்து கதவைச் சாத்துங்கோ அம்மா. சூடு போகுது."